இணைப்பு: புகைப்படம் ஒன்று

நாட்ராயனுக்கான குற்றக் குறிப்பாணையை
என்னிடம்தான் கொடுத்தார்கள் தட்டச்சு செய்ய.
விதி பதினேழு, உட்பிரிவு பி.
பழைய கோப்பில் வாசகம் தயாராக இருந்தது,
பெயரும் தேதியும் மாற்றினால் போதும்.
போன தடவை அது ஒரு நூலகருக்குப் போயிருந்தது.

"விலங்கியல் துறை ஆய்வக உதவியாளர்
திரு. க. நாட்ராயன் என்பார்
கடந்த பதினான்காம் தேதி மாலை
பேரூர்ப் படித்துறை அருகே
அரசியல் கட்சியொன்றின் கூட்டத்தில் மேடையேறிப் பேசி
பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்கு…"

நற்பெயரில் விரல் நின்றது.

மேடை இல்லை அங்கே.
ஒரு குட்டியானையின் பின்கதவை இறக்கிவிட்டிருந்தார்கள்.
நாலு நிமிடம் பேசியிருப்பார்.
ஃபார்மலின் வாசம் போகாத கையைச்
சட்டையில் துடைத்துத் துடைத்து.
"முந்தியெல்லாம் பிராக்டிகலுக்குத் தவளை வேணும்னா
சாக்கு எடுத்துக்கிட்டு நேரா இந்த ஆத்துக்கு வருவனுங்.
இப்பப் பேரூர்த் தவளையப் பாக்கோணும்னா
எங்க லேப்புக்குத்தானுங் வரோணும்.
பாட்டல்ல இருக்குது."
சிரித்தார்கள்.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
நொய்யல் பின்னால் நுரைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தக் கட்சி பிடிக்காது.
பேச்சு முடியும்வரை நின்றேன்.

புகார் மொட்டையாக வந்தது, உறையில் ஒரு படத்தோடு.
மொட்டைக் கடுதாசியைக் கோப்பில் ஏற்றக் கூடாதென்று
எங்கள் பீரோவிலேயே ஒரு சுற்றறிக்கை தூங்குகிறது.
எண்கூட எனக்கு மனப்பாடம்.
சொல்லவில்லை.
போன மாதம் மாநாட்டுக்கு
நம் பேருந்துகள் இரண்டு போயின,
டீசல் பில்லில் "களப்பயணம்" என்று எழுதியதும்
இதே கைதான்.
துணைவேந்தர் பொன்னாடையோடு நின்ற படம்
வரவேற்பறையில் சட்டமிட்டுத் தொங்குகிறது,
அது மரியாதை நிமித்தம்.
மலையடிவாரத்து மதிலை ஒற்றை யானை இடித்துப்போட்டதற்கும்
கோப்பு உண்டு.
யானையிடம் மட்டும் விளக்கம் கேட்கவில்லை.

கண்காணிப்பாளர் லோகாம்பாள் மேடம்
படத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.
நாட்ராயன். மைக். கொடி.
வலது ஓரத்தில், வெட்டுப்பட்டு,
பாதிக் குடை.
கருநீலம், கம்பி ஒன்று துருத்திக்கொண்டு.

என் பின்னால் ஜன்னல் கம்பியில்
அது காய்ந்துகொண்டிருந்தது.

"அடையாளம் தெரியாத சிலருடன்னு
ஒரு வரி சேத்துக்குங்" என்றார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி,
நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டி,
"குடை காஞ்சிருக்கும் பாருங்.
மடிச்சுப் பையில வையுங்."

மடித்தேன்.
துருத்திய கம்பி பையைக் குத்தியது.

நாலு மணிக்கு வந்தார் நாட்ராயன்.
நின்றுகொண்டே படித்தார், உதடு அசைய.
ஒரு இடத்தில் திரும்பிப் போய் மறுபடி படித்தார்.
"மேடம், கூட்டம் பதினஞ்சாந்தேதியில்லீங்களா?
பதினாலு ராத்திரி எட்டு மணி வரைக்கும்
இன்ஸ்பெக்‌ஷன் டீமுக்கு
நானிங்க நாற்காலியில்லீங் தூக்கிட்டிருந்தேன்?
ரிஜிஸ்டர்லகூடக் கையெழுத்து…"

பாதியில் நிறுத்திக்கொண்டார்.
லோகாம்பாள் மேடம் எதையோ தேடி
மேசை இழுப்பறைக்குள் குனிந்திருந்தார்,
வெகுநேரமாக.

"பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.
பதினஞ்சு நாள்ல விளக்கம் குடுக்கணும்.
விளக்கத்துல மட்டும்
தேதியச் சரியாப் போடுங்க" என்றேன்.

மூன்று பிரதிகளிலும் போட்டார்.
என் மேசையில் கொஞ்ச நேரம்
ஃபார்மலின் வாசம் இருந்தது.

ஐந்தே முக்காலுக்குத் தூறல் பிடித்தது.
வடவள்ளி பஸ்ஸுக்கு நடந்தேன்,
பையில் குடை.
வாட்ச்மேன் கூப்பிட்டுச் சொன்னார், நனையறீங்களே என்று.
கேமரா ஒன்று அவர் தலைக்கு மேலே
கேட்டைப் பார்த்தபடி இருந்தது.
விரிக்கவில்லை.